ஆடாத படி

ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மகாதேவி ரீச்சர் தன் வீட்டுக்கு மேலே ஒரு மண்டபம் கட்டத் தொடங்கினார். நெல்லியடியில் முப்பத்து நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவர். அவர் பள்ளிக்கூடத்தை விட்டாலும் பிள்ளைகள் அவரை விடவில்லை. பின்னேரங்களில் வகுப்புக்கு நாற்பது பேர் வந்து, கார் இல்லாத கார்க் கொட்டிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வாங்கு போதாமல் நான்கு பேர் எப்போதும் நிலத்தில் சாக்கு விரித்து இருந்து எழுதினார்கள். இனி மேலே இடம் எடுத்தால்தான் சரி என்று ரீச்சர் முடிவு செய்தார்.

மண்டபம் ஆவணி மாதம் முடிந்தது. கூரை, மின்விசிறி, பலகை எல்லாம் வந்துவிட்டன. ஏறுவதற்கு வழிதான் இல்லை. மேசன்மார் விட்டுப்போன மர ஏணியில் ரீச்சர் இரண்டு தடவை ஏறிப் பார்த்தார். இரண்டாம் தடவை இறங்கப் பயமாகிவிட்டது. சந்தைக்குப் போன கணவர் சோமசேகரம் திரும்பி வந்து ஏணியைப் பிடிக்கும்வரை அரை மணி நேரம் மேலேயே நின்றார்.

வெளிப்புறமாக இரும்பில் படி வைப்பது என்பது முதலிலேயே பேசிய விசயம். எந்த மாதிரிப் படி என்பதையும் ரீச்சர் தீர்மானித்திருந்தார். சுருள்படி. வரைபுத்தாளில் தானே கீறிக் கணக்கும் போட்டு வைத்திருந்தார். பதினோரு அடி உயரம். பதினாறு படி. ஒவ்வொரு படிக்கும் இருபத்திரண்டரைப் பாகை. ஏறி முடிய ஒரு முழு வட்டம். உயரம் விளங்குவதற்காகப் படத்தில் ஒரு சின்ன மனிதரையும் கீறியிருந்தார். அவர் ஆறாவது படியில் ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி இருக்குது?" என்று கணவரிடம் காட்டினார்.

சோமசேகரம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவர். எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு வார்த்தையில் முடிப்பவர்.

"வடிவு," என்றார்.

இனி அதைச் செய்ய ஆள் வேண்டும். நெல்லியடிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஐந்தாறு பேர் இரும்பு ஒட்டுகிறார்கள். அவர்களில் கோபிசங்கர் ரீச்சரிடம் படித்தவன். அவன் கைத்தொலைபேசியை எடுத்துத் தான் செய்த கேற், கம்பி வேலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

"படம் வேண்டாம், கோபி. நீர் செய்த மூண்டு வீட்டின்ரை விலாசம் தாரும்."

"ஏன் ரீச்சர்?"

"விடைத்தாளைப் பாக்காமல் நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை."

அவன் சிரித்துக்கொண்டே விலாசங்களைக் கொடுத்தான். ரீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். முதல் வீட்டில் கேற்றைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. இரண்டாம் வீட்டில் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் பல்கனிக் கம்பியை ஆட்டினார். அதுவும் ஆடியது, காயப்போட்டிருந்த சாரம் ஒன்று நழுவிக் கீழே கோழிக்கு மேலே விழுந்தது. மூன்றாவது வீடு கொஞ்சம் உள்ளுக்குள் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார், ஒரு சத்தமும் இல்லை. சரி என்று வெளிப்படியின் கைபிடியைப் பிடித்து ஆட்டத் தொடங்கியபோது, பின்வளவிலிருந்து ஒரு முதியவர் வந்தார்.

"ஆர் பிள்ளை? பிரதேச சபையிலையிருந்தோ?"

ரீச்சர் வாய் திறக்க முன்னமே அவர் முன்னால் நடந்துவிட்டார். "ரெண்டு மாசமா எழுதிக்கொண்டிருக்கிறன். இப்பவாவது வந்தியளே. இஞ்சை வாங்கோ, வந்து பாருங்கோ." பின்பக்க வாய்க்கால், அடைபட்ட மதகு, பக்கத்து வளவுக்காரர் ஒதுக்கிவிட்ட மண் எல்லாவற்றையும் ரீச்சர் மரியாதையாகப் பார்த்து முடித்தார். பிறகுதான் தான் வந்த காரணத்தைச் சொன்னார்.

முதியவர், பெயர் முத்துக்குமாரு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதை ஆட்டிப் பாக்க என்ன கிடக்கு? காத்தடிச்சாலே ஆடும். கெட்ட பெடியன் எண்டு சொல்ல மாட்டன். கேட்டதைக் கேட்டபடி செய்வான். நான்தான் மெல்லிய கம்பி போதுமெண்டு சொன்னனான்."

"ஆடாத படி எங்கையாவது பாத்திருக்கிறியளோ, ஐயா?"

அவர் யோசித்தார். "பாத்திருக்கிறன். போன வருசம் என்ரை கூட்டாளியின்ரை பேரனுக்குக் குருநகரிலை கலியாணம். வேதக்கோயிலிலை கீழை இடமில்லையெண்டு, பாட்டுக்காரர் நிக்கிற மேல்தட்டிலை என்னை ஏத்தி விட்டினம். சுருள்படி. எனக்கு எண்பத்தொரு வயசு, பிள்ளை. ஒரு படி அசையேல்லை."

சுருள்படி என்ற சொல்லைக் கேட்டதும் ரீச்சருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ஓட்டோவில் குருநகர் போனார். முத்துக்குமாரு சொன்ன கோயில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே மார்கிரட் என்ற அம்மா நிலத்தைக் கூட்டிக்கொண்டு நின்றார். ரீச்சர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தான் நெல்லியடி ரீச்சர் என்று சொல்லி, படியைப் பார்க்கலாமோ என்று கேட்டார்.

"தாராளமாப் பாருங்கோ," என்றார் மார்கிரட்.

ரீச்சர் முதலில் கைபிடியை ஆட்டினார். தன் கைதான் ஆடியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒன்றுமில்லை. ஐந்தாறு படி ஏறி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துள்ளினார். கீழே கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடி நின்றுவிட்டது.

"ரீச்சரெண்டு சொன்னியள். துள்ளுறியள்!"

ரீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. இறங்கப் போனார்.

"துள்ளுங்கோ, துள்ளுங்கோ," என்றார் மார்கிரட். "செய்து முடிச்ச அண்டைக்கு அந்த மனிசனும் உப்பிடித்தான் மேலையும் கீழையும் துள்ளித் திரிஞ்சவர். பங்குச் சுவாமி பாத்துச் சிரிச்சவர்."

"ஆர் அந்த மனிசன்?"

"அடைக்கலநாதன். உந்த ஒழுங்கையாலை இறங்கி இடக்கைப் பக்கம் போங்கோ. இரும்புச் சத்தம் கேக்கும்."

சத்தம் கேட்டது. தகரக் கொட்டிலுக்குள் ஒரு மெலிந்த, நரைத்த தாடிக்காரர் வள்ளமொன்றின் நங்கூரத்தை நிலத்தில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். பொறி அடங்கியதும் முகமூடியை உயர்த்தி ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் தான் யார், எங்கிருந்து வருகிறார், என்ன வேண்டும் என்று ஒழுங்காகச் சொன்னார்.

"வீட்டு வேலை இப்ப செய்யிறேல்லை, ரீச்சர்."

"ஏன் அண்ணை?"

"வீட்டுக்காரர் படம் காட்டுவினம். படத்திலை இருக்கிற வீடு ஒண்டு, அவையின்ரை வீடு வேறொண்டு. வள்ளக்காரர் எண்டால் உடைஞ்ச சாமானைக் கொண்டுவந்து போடுவினம். ஏன் உடைஞ்சதெண்டு பாத்துச் செய்யலாம்."

ரீச்சருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆனாலும் வந்ததற்கு ஒரு கேள்வியாவது கேட்காமல் போக மனமில்லை. கைப்பைக்குள் வரைபுத்தாள் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

"ஒரு கணக்குக் கேக்கட்டோ? அஞ்சடி அகலமான சுருள்படி. ஒரு சுத்துக்குப் பதினாறு படி. வெளி விளிம்பிலை ஒரு படி எத்தினை அங்குலம் வரும்?"

அடைக்கலநாதன் ஒரு ஆணியை நிலத்தில் வைத்து, நூலை இரண்டரை அடிக்குப் பிடித்து, சோக்கட்டியால் சீமெந்தில் ஒரு வட்டம் போட்டார். அதை இரண்டாக்கினார். நான்காக்கினார். எட்டாக்கினார். பதினாறாக்கினார். எல்லாம் நூலாலும் சோக்கட்டியாலும்தான். பிறகு உள்பக்கம் திரும்பி, "கத்தரீனா!" என்று கூப்பிட்டார்.

அவர் மனைவி கத்தரீனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அளவுநாடாவைப் பிடித்து வாசித்தார். "பதினொண்டே முக்கால்."

ரீச்சரின் தாளிலும் பதினொன்றே முக்கால்தான் இருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் கவராயத்தை இவ்வளவு சுத்தமாகப் பிடித்த பிள்ளைகள் மூன்று பேரோ நான்கு பேரோ இருந்திருப்பார்கள். ரீச்சர் நிலத்தில் இருந்த வட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"நீங்கள்தான் செய்யவேணும்," என்றார்.

"இடத்தைப் பாக்காமல் சொல்ல மாட்டன்," என்றார் அடைக்கலநாதன். "நாளைக்கு மனிசியோடை வாறன்."

சொன்னபடி மறுநாள் மோட்டார் சைக்கிளில் இருவரும் வந்தார்கள். அடைக்கலநாதனுக்குக் கிட்டத்து எழுத்துத் தெரியாது. கண்ணாடி போட்டால் முகமூடி இடிக்கிறது என்று போடுவதுமில்லை. அதனால் அளவெல்லாம் கத்தரீனாவின் கண்ணால்தான். அவர் வாசிக்க வாசிக்க, இவர் சுவரில் கோடு போட்டார். ரீச்சர் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வரைபுத்தாளை மேசையில் விரித்தார்.

அடைக்கலநாதன் தாளைத் தள்ளிப் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"நல்லாக் கீறியிருக்கிறியள். இதிலை ஒரு ஆள் நிக்கிறார்."

"ஓம், உயரத்துக்காகக் கீறினது."

"மேலை எத்தினை பேர் படிப்பினம்?"

"ஒரு வகுப்புக்கு நாப்பது பேர்."

"வகுப்பு முடிய எப்பிடி வெளியிலை போவினம்?"

"வரிசையா," என்றார் ரீச்சர்.

வாசலில் நின்ற சோமசேகரம் இருமினார். ரீச்சர் திரும்பிப் பார்த்ததும் இருமல் நின்றுவிட்டது.

"கோயிலிலை எட்டுப் பேர்தான் ஏறுவினம், ரீச்சர். ஒரு ஆள் ஏறினாப் பிறகு மற்ற ஆள். சுருள்படியிலை வெளிப்பக்கம் போற பிள்ளைக்குக் கால் வைக்க இடமிருக்கும். பக்கத்திலை, உள்ளுக்கை போற பிள்ளைக்கு? நாப்பது பேருக்கு நான் சுருள்படி செய்ய மாட்டன். நேர்ப்படி செய்து தாறன்."

"நேர்ப்படி எங்கையும் வைக்கலாம். நான் கேட்டது சுருள்படி."

"அதுதான் சொல்லுறன், செய்ய மாட்டன்."

"வேலை தாறது நான், அண்ணை."

"ஓம். வேறை ஆளைப் பாருங்கோ." அவர் குரல் உயரவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவுமிடத்தில் கொண்டுபோய் வைத்தார். கத்தரீனா ரீச்சரின் கையைப் பிடித்து, "குறை நினையாதையுங்கோ. இந்த மனிசன் உப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

ரீச்சருக்கு இரண்டு நாள் கோபம் தீரவில்லை. தன் கணக்கில் பிழை இருந்தால் யாரும் காட்டலாம். கணக்குச் சரி, படி பிழை என்றால் என்ன நியாயம்? கோபிசங்கருக்குக் கைத்தொலைபேசியில் எடுத்து, சுருள்படி செய்வீரோ என்று கேட்டார்.

"எதெண்டாலும் செய்து தருவன், ரீச்சர்!" என்றான் அவன் சந்தோசமாக.

அந்த 'எதெண்டாலும்' ரீச்சரின் காதுக்குள் இருந்து அரித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஐந்து மணிக்கு, "சரி, போகலாம்," என்று சொல்லிவிட்டு ரீச்சர் வழக்கம்போலப் பலகையை அழிக்கத் திரும்பவில்லை. நின்று பார்த்தார். இத்தனை வருடமும் அந்த நேரத்தில் அவர் முதுகுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. கொட்டிலின் வாசலால் மூன்று பேர் ஒன்றாக வெளியே போனார்கள். ஒருவன் பையை முன்னால் எறிந்துவிட்டு அதன் பின்னால் பாய்ந்தான். இரண்டு பெட்டையள் தோளில் தோள் கோத்தபடி பக்கவாட்டில் நகர்ந்தார்கள். தர்சிகா என்ற பிள்ளை தண்ணிப் போத்தலை மறந்துவிட்டு, அத்தனை பேருக்கும் எதிராக நீந்திக்கொண்டு உள்ளே வந்தாள். அதே நேரம் ஐந்து மணி வகுப்புக்கு வந்த பத்தாம் வகுப்புக்காரர் வெளியிலிருந்து தள்ளத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஒருவரும் விழவில்லை, ஏனென்றால் அது சமதரை.

பத்தாம் வகுப்புக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு ரீச்சர் உள்ளே போய் வரைபுத்தாளை எடுத்தார். நடுத் தூணின் மையத்திலிருந்து பத்து அங்குலத்தில், உள்பக்கம் போகும் பிள்ளையின் கால் விழும் இடத்தில், ஒரு புள்ளி வைத்தார். அந்த இடத்தில் படியின் அகலத்தைக் கணக்குப் போட்டார். இவ்வளவு நாளும் வெளி விளிம்புக்கு மட்டும்தான் போட்டிருந்தார். விடையைப் பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தார்.

"அடைக்கலநாதன் அண்ணை, நெல்லியடி ரீச்சர் கதைக்கிறன். உள்பக்கம் நாலு அங்குலம்தான் வருது."

"நாலுக்கும் கொஞ்சம் குறைய, ரீச்சர்."

"மூண்டு தசம் ஒன்பது."

அடைக்கலநாதன் சிரித்தது அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டது. "ஞாயிறு பூசை முடிய வாறம்," என்றார்.

ஞாயிறு மறுபடி அளந்தார்கள். நேர்ப்படிக்கு இடம்தான் பிரச்சினை. ஒரே ஓட்டமாக வைத்தால் கிணற்றில் போய் இறங்கும். அடைக்கலநாதன் பாதியில் ஒரு தட்டு வைத்து, அதிலிருந்து படியைத் திருப்பலாம் என்றார். பதினொரு படி ஏறித் தட்டு. திரும்பிப் பதினொரு படி. மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம். சின்னப் பிள்ளையும் ஏறும். ரீச்சர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். நூற்று முப்பத்திரண்டு அங்குலம். பதினோரு அடி. மிச்சமில்லை.

"அகலம் மூண்டரை போதுமோ?" என்று அடைக்கலநாதன் கேட்டார்.

"போதாது," என்றார் சோமசேகரம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து வந்தார்.

"அஞ்சு மணிக்கு ஒரு வகுப்பு இறங்கும். அதே அஞ்சு மணிக்கு ஒரு வகுப்பு ஏறும். முப்பது வருசம் பஸ் வாசலிலை நான் பாத்தது இதுதான். இறங்கிறவன் இறங்க முதல் ஏறுறவன் ஏறுவான். எவ்வளவு கத்தினாலும் கேளாங்கள். அகலத்தை அஞ்சடியாக்குங்கோ. நடுவிலை ஒரு கம்பி விடுங்கோ. இந்தப் பக்கம் ஏற, அந்தப் பக்கம் இறங்க."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து ரீச்சர் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. "ஏன் நீங்கள் இதை முதலே சொல்லேல்லை?"

"நீர் வடிவா இருக்குதோ எண்டுதானே கேட்டனீர்? வடிவாத்தான் இருந்தது."

கத்தரீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடைக்கலநாதன் சோமசேகரத்தின் சொல்லை உடனே சுவரில் கோடாக்கினார். ஐந்தடி அகலத்துக்குப் படி இறங்கும் இடத்தில் சோமசேகரத்தின் கோழிக்கூடு நின்றது. "அது நான் பாக்கிறன்," என்று அவர் அன்று பின்னேரமே அதை வேலியோரம் நகர்த்திவிட்டார். கூலியும் அன்றே பேசி முடிந்தது.

மூன்று கிழமை வேலை. பெரிய துண்டுகளைக் குருநகரிலேயே ஒட்டி, ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பொருத்துவது இங்கே. காலையில் வந்தால் பொழுதுபட முன் போய்விடுவார்கள். கத்தரீனா முகத்தைச் சீலையால் கட்டிக்கொண்டு ஒட்டுகளைச் சாணை பிடித்தார். ஒட்டு இருந்த இடமே தெரியாமல் தடவித் தடவித் தேய்ப்பார். "பிள்ளையளின்ரை கை போற இடம், கீறப்படாது," என்றார் ரீச்சரிடம். மத்தியானத்தில் இருவரும் குசினிக்குள் இருந்து கதைத்தார்கள். கத்தரீனா பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஒருநாளும் நாற்பது புள்ளிக்கு மேலே எடுத்ததில்லையாம். அளவுநாடாவை மட்டும் பிழைவிடாமல் வாசிப்பாராம்.

அந்தக் கிழமைகளில் ரீச்சர் சும்மா இருக்கவில்லை. படிகள் பொருத்தி முடிந்த அன்று, எல்லோரும் சாப்பிடும்போது, அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அளந்து ஏறினார். ஒன்பதாவது படியில் நின்றார். மறுபடி அளந்தார். இறங்கி வந்தார்.

"அண்ணை, ஒன்பதாம் படி கால் அங்குலம் கூட."

"இருக்காது, ரீச்சர்."

"நான் வடிவாத்தான் வாசிச்சனான்," என்றார் கத்தரீனா அவசரமாக.

அடைக்கலநாதன் சோற்றுக் கையோடு எழுந்தார். கையைக் கழுவினார். படியின் அடியில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கைபிடியைப் பிடிக்காமல் ஏறத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கால் ஒரே சீராகப் போனது. ஒன்பதாவதில் பாதத்தின் முன்பக்கம் மெல்லத் தட்டியது. அவர் கண்ணைத் திறந்தார். கீழே நின்ற மூவரையும் பார்த்தார்.

"ரீச்சர் சொன்னது சரி. கோடு போட்டது நான். பிழை என்னிலைதான்," என்றார்.

"கால் அங்குலம்தானே, விடுங்கோ," என்றார் சோமசேகரம்.

"கண்ணுக்குத் தெரியாது, ஐயா. ஓடி வாற காலுக்குத் தெரியும்."

மிச்சச் சோற்றை அவர் பிறகுதான் சாப்பிட்டார். அதற்கிடையில் ஒன்பதாம் படியை வெட்டிக் கழற்றியிருந்தார். மறுநாள் அது புதிதாக ஒட்டப்பட்டது. ரீச்சர் அளந்தார். ஆறு. அடைக்கலநாதன் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரீச்சர் ஒரு தலையாட்டலில் புள்ளி போட்டார்.

நிறமடிக்க முன் ஒரு வேலை இருக்கிறது என்றார் அடைக்கலநாதன். "சனிக்கிழமை உங்கடை நாப்பது பேரையும் கூப்பிடுங்கோ. மேலை ஏத்துங்கோ. பிறகு எப்பவும் போறமாதிரிப் போகச் சொல்லுங்கோ. வரிசையாப் போகச் சொல்லிப் போடாதையுங்கோ."

சனிக்கிழமை காலை பிள்ளைகள் வந்தார்கள். விசயத்தைக் கேள்விப்பட்டு வகுப்பில் இல்லாத ஆறேழு பேரும் வந்திருந்தார்கள். எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு ரீச்சர் கீழே பார்த்தார். அடைக்கலநாதன் தட்டுக்கு நேர் கீழே நின்றார். ஒரு உள்ளங்கை அடிச் சட்டத்தில் இருந்தது.

"அண்ணை, அங்காலை வாங்கோ! தற்செயலா ஏதும் நடந்தால்?"

"நடந்தால் செய்தவன்ரை தலையிலை விழட்டும், ரீச்சர். விடுங்கோ பிள்ளையளை!"

"சரி, போகலாம்!" என்றார் ரீச்சர்.

மழைக்காலத்து மதகு திறந்த மாதிரித்தான். நாற்பத்தேழு பேர் ஒன்றாகக் கிளம்பினார்கள். பை, போத்தல், சிரிப்பு, கூச்சல். ஒருவன் இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்தான். தட்டில் எல்லோரும் ஒன்றாகத் திரும்பியபோது கீழே நின்ற கத்தரீனா சிலுவை போட்டுக்கொண்டார். சோமசேகரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசிப் பிள்ளை மண்ணில் குதித்ததும் எல்லோருடைய கண்ணும் தட்டுக்குக் கீழே போனது.

அடைக்கலநாதன் இன்னும் சட்டத்தில் கையை வைத்தபடி, தலையைச் சரித்து, கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஆடேல்லை," என்றார். "ஆனால் ஒரு இடம் பாடுது."

மறுபடி ஏறச் சொன்னார். மறுபடி இறங்கினார்கள். இம்முறை ரீச்சரும் கீழே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். தலைக்கு மேலே நூறு கால் போகும் இரைச்சலுக்குள், தட்டின் இடப்பக்க மூலையில் 'ணங், ணங்' என்று ஒரு மெல்லிய சத்தம். அடைக்கலநாதன் அந்த இடத்தில் சோக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். பிள்ளைகளைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, அங்கே ஒரு தாங்குக் கம்பியைச் சாய்வாக வைத்து ஒட்டினார். பொறியைப் பார்க்கக் கூடாது என்று சோமசேகரம் பிள்ளைகளை வேலிப் பக்கம் திருப்பி நிறுத்தினார். கோழிகளும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரும்பு ஆறியதும் மூன்றாம் தடவை ஏறினார்கள். இப்போது ரீச்சரும் கூடவே ஏறினார். மேலே நின்று, "சரி, போகலாம்," என்று சொன்னார். சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க நினைத்தார். ஆனால் நாற்பத்தேழு பேர் கிளம்பியபோது ஒதுங்க இடமிருக்கவில்லை. தர்சிகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கோ ரீச்சர்!" முன்னால் பின்னால் பக்கத்தில் எல்லாம் பிள்ளைகள். மகாதேவி ரீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளத்தோடு வெள்ளமாக இறங்கினார். தட்டில் திரும்பும்போது கீழே எட்டிப் பார்த்தார். அடைக்கலநாதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கால்களின் சத்தம் மட்டும்தான், வேறொன்றும் இல்லை. அவர் சட்டத்திலிருந்து கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார்.

கீழே வந்து சேர்ந்தபோது ரீச்சருக்கு மூச்சு வாங்கியது. கொண்டை அவிழ்ந்துபோயிருந்தது. கத்தரீனா ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஐம்பது செக்கன்," என்றார் சோமசேகரம்.

"இன்னொருக்கா, ரீச்சர்! இன்னொருக்கா!" என்று பிள்ளைகள் சுற்றி நின்று கத்தினார்கள்.

ரீச்சர் அடைக்கலநாதனைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். "எனக்குப் பிரச்சினையில்லை. படிக்கும் பிரச்சினையில்லை."

"நிறம் அடிச்சுக் காயட்டும்," என்றார் ரீச்சர், கொண்டையை முடிந்துகொண்டே. "புதன்கிழமை மூண்டு மணிக்கு மேலை வாங்கோ. கொப்பியும் கவராயமும் கொண்டு வாங்கோ. வட்டம் தொடங்கப் போறம்."